தென்னை ஏறும் கருவி: ஆறு வருஷ அனுபவமும் கூலிக் கணக்கும்

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தோப்பில் 140 மரத்தில் 52தான் நின்றது, அதிலும் பாதி சாய்ந்து கிடந்தது, சிலதுக்கு உச்சியில் மட்டை விரிந்த கொண்டை முறுக்கிப் போயிருந்தது. அதுவரை எங்களுக்குக் காய் பறித்துக் கொடுத்த மரமேறி மாமா வேலை இல்லாமல் மகனோடு திருப்பூர் போய்விட்டார். வேறு ஆளைத் தேடினால் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று வெட்டு தள்ளிக்கொண்டே போனது, முற்றிய காய் தானாக விழுந்து முளைவிட ஆரம்பித்தது. அப்படித்தான் 2019-இல் கருவி வாங்கினேன். முதலில் சொந்த மரம், பிறகு பக்கத்துத் தோப்பு, இப்போது பட்டுக்கோட்டை வரைக்கும் வீட்டு மரங்களுக்குக் கூப்பிடுகிறார்கள்.

நான் வாங்கியது நின்றுகொண்டு ஏறும் மாடல். கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்கிற அப்பச்சன் உருவாக்கியது, அதனால் செம்பேரி மாடல் என்றே எல்லா இடத்திலும் பெயர். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு இரும்புச் சட்டம், ஒவ்வொன்றிலும் கீழே கால் வைக்கும் மிதி, மேலே கைப்பிடி, மரத்தைச் சுற்றி வரும் கம்பி வடம். மிதியில் எடையை வைத்தால் வடம் மரத்தை இறுக்கும், எடையை எடுத்துக் கையால் தூக்கினால் தளரும். ஒரு பக்கம் தூக்கு, மிதி, அடுத்த பக்கம் தூக்கு, மிதி. சைக்கிள் பழகுகிற மாதிரி இரண்டு நாளில் வந்துவிடும். உட்கார்ந்து ஏறும் மாடலும் இருக்கிறது. உயரம் என்றால் பயப்படுகிறவர்களுக்கு அது நல்லது, மேலே போய் இரண்டு கையும் விட்டு வேலை பார்க்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு இருபது மரம் ஏற வேண்டும் என்றால் அதை மாட்டிக் கழற்றுவதிலேயே நேரம் போய்விடும் என்பது என் அனுபவம்.

வேகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கருவி இல்லாமல் காலில் தளைக்கயிறு போட்டு ஏறும் பழைய ஆள் ஒருவர் நான் மூன்று மரம் முடிப்பதற்குள் ஐந்து மரம் முடித்துவிடுவார். அந்தக் கால் பழக்கத்தைக் கருவியால் ஈடுகட்ட முடியாது. ஆனால் முப்பது வயதுக்கு மேல் ஏறப் பழகிய என்னைப் போன்ற ஆளுக்குக் கருவி இல்லாமல் இந்தத் தொழிலே கிடையாது.

இனி முக்கியமான விஷயம். கருவியோடு எனக்குப் பாதுகாப்பு பெல்ட் எதுவும் வரவில்லை. முதல் ஒன்றரை வருஷம் நான் வெறும் கருவியில்தான் ஏறினேன், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. 2021 மாசி மாதம் அவசரத்துக்கு ஒரு பட்டறையில் செய்த இரண்டாவது செட் ஒன்றை விலை குறைவு என்று வாங்கியிருந்தேன். முப்பதடி உயரத்தில் டக் என்று ஒரு சத்தம், வலது கால் அந்தரத்தில் தொங்குகிறது. மிதியை ஒட்டிய பற்றவைப்பு விட்டுப்போய், மிதி கீழே விழுந்து மண்ணில் குத்தி நிற்கிறது. இடது காலும், அதற்கு ஒரு மாதம் முன்புதான் வாங்கிய பெல்ட்டும் தாங்கின. மரத்தைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் அசையாமல் நின்றேன், அப்புறம் உடைந்த சட்டத்தை ஒரு கையால் இறக்கி இறக்கி, அதன் ஓரத்தில் விரல் நுனியை ஊன்றித்தான் தரைக்கு வந்தேன். பெல்ட் மட்டும் இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

அதனால் வாங்குகிறவர்கள் கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும் ஒதுக்குங்கள். தோள், இடுப்பு, தொடை எல்லாம் சேர்த்துக் கட்டும் ஃபுல் பாடி ஹார்னஸ் வாங்குங்கள், அதில் ஐ.எஸ். 3521 என்கிற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் வளையம் இருக்க வேண்டும், முதுகில் மட்டும் வளையம் உள்ளது கட்டட வேலைக்கு ஆகும், மரத்துக்கு ஆகாது. ஏறும்போது இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு, ஐந்து மிதிக்கு ஒரு தடவை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். குலைக்குக் கீழே போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது கயிறு ஒன்றைத் தண்டில் இரண்டு சுற்று சுற்றி மாட்டுவேன். ஒரு சுற்று மட்டும் போட்டால் கால் விட்டதும் கயிறு மரத்தோடு வழுக்கிக்கொண்டே இறங்கும், இரண்டு சுற்று என்றால் எடை விழுந்ததும் இறுகிக்கொள்ளும். மட்டையில் மட்டும் எதையும் மாட்டாதீர்கள், மட்டையைப் பிடித்துத் தொங்கவும் செய்யாதீர்கள். பார்க்கப் பச்சையாக இருக்கும், அடியைச் சுற்றிய வலைநாரான பன்னாடையோடு கழன்றுவிடும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. தினமும் காலையில் ஒரு பழைய பருத்தித் துணியால் வடத்தை முழுக்க உருவுவேன். துணியில் ஒரு நூல் சிக்கினாலும் உள்ளே கம்பி இழை விட்டிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். ஆறு வருஷத்தில் வடம் நாலு தடவை மாற்றியிருக்கிறேன். மரத்தில் பதியும் ரப்பர் நாலு மாதத்தில் தேய்ந்துவிடும், லாரி டயர்த் துண்டை வெட்டி போல்ட் போட்டுக்கொள்கிறேன், கம்பெனி ரப்பரைவிட அதுதான் அதிக நாள் உழைக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்றால் கிரீஸை மறக்காதீர்கள்.

சாய்ந்த மரத்தில் வானம் பார்த்த பக்கமாக ஏற வேண்டும், மரத்தின் வயிற்றுப் பக்கம் ஏறினால் கருவி உங்களை மரத்திலிருந்து வெளியே தள்ளும். பாக்கு மரத்துக்கு என் கருவி சரிவரவில்லை, வடம் பிடிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பாசி பிடித்த மரத்தில் ரப்பர் வழுக்கும், மழை விட்டு இரண்டு நாள் வெயில் காயாமல் நான் ஏறுவதில்லை.

ஏறக்கூடாத மரம் என்று ஒன்று உண்டு, அதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோய், வேர் அழுகியிருக்கும், மரமே ஆளோடு சாயலாம். தண்டில் ஓட்டை விழுந்து நார் வெளியே தள்ளியிருந்தால் சிவப்புக் கூன்வண்டு, அந்த மரத்தில் கொண்டை எந்த நேரமும் ஒடியும். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பேன், டொக் டொக் என்று காலியாகக் கேட்டால் எவ்வளவு கொடுத்தாலும் ஏற மாட்டேன். கதண்டு என்கிற விஷக் குளவியின் கூடு இருக்கிறதா என்று கீழே நின்று ஐந்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கயிறே எடுப்பேன்.

கூலிக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் மரத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்லிக் கையைச் சுட்டுக்கொண்டேன். தோப்பில் 2019-இல் மரத்துக்கு 20 ரூபாய் வாங்கினேன், இப்போது 40 வாங்குகிறேன். மட்டை கழித்து, பாளை நீக்கி, கொண்டை சுத்தம் செய்து தர வேண்டும் என்றால் 70. முப்பது மரத்துக்குக் குறைவாக இருந்தால் மரக்கணக்கு பேசாமல் நாள் கூலியாகப் பேசிவிடுவேன், வண்டியில் கருவியைக் கட்டிக்கொண்டு போய் வரும் நேரம் யார் கணக்கில் வரும்?

வீட்டு மரம் வேறு. ஒரே மரம் என்றாலும் 300 ரூபாய்க்குக் குறைந்து போவதில்லை. பட்டுக்கோட்டையில் ஒரு அக்கா கேட்டார், "ஏன் தம்பி, தோப்புல நாப்பது ரூபாய்க்குத்தானே ஏறுறீங்க?" என்று. "அக்கா, தோப்புல காய் மண்ணுல விழும், இங்க உங்க ஓட்டுல விழும். ஒவ்வொரு குலையையும் கயிறு கட்டி இறக்கணும்" என்றேன். கீழே நின்று ஒரு குலை இறங்குவதைப் பார்த்த பிறகு அவரே 350 கொடுத்தார். கரண்டு கம்பி பக்கத்தில் போகிறது என்றால் லைனை நிறுத்தும் வரைக்கும் மரத்தைத் தொடவே மாட்டேன், பச்சை மட்டை கம்பியில் விழுந்தால் கரண்டு அது வழியாக இறங்கிவிடும்.

வீட்டை ஒட்டிய மரத்தை வெட்டி இறக்கும் வேலைக்கு நான் 4000-இல் ஆரம்பிக்கிறேன், இடத்தைப் பார்க்காமல் போனில் விலை சொல்வதே இல்லை. மூன்றடித் துண்டு ஒன்று நாற்பது, ஐம்பது கிலோ வரும். அதைக் கட்டிய கயிற்றைப் பக்கத்து மரத்தடியில் இரண்டு சுற்று சுற்றி, கீழே ஒரு ஆள் மெதுவாக விட வேண்டும், ஆக உதவிக்கு இரண்டு பேர் கூலி. கொண்டையை அறுத்து விட்டதும் மரம் வில் மாதிரி பின்னால் போய் முன்னால் வரும், அந்த ஆட்டம் நிற்கும் வரை மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்த அரை நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் கூலி. யாராவது 1500-க்குச் செய்து தருகிறேன் என்றால் அவரிடம் பெல்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், தயவுசெய்து.

புதிதாக வருகிறவர்கள் நேராகக் கருவி வாங்க ஓடாதீர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று பயிற்சி நடத்துகிறது, ஆறு நாள், பெண்களும் நிறையப் பேர் படித்து ஏறுகிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம், பொள்ளாச்சிப் பக்கம் என்றால் ஆழியார் நகர். மரம் ஏறுகிறவர்களுக்கு வாரியத்தின் 'கேர சுரக்ஷா' காப்பீடு இருக்கிறது, பிரீமியத்தில் பெரும் பங்கை வாரியமே கட்டுகிறது. அதை எடுக்காமல் மரத்தில் கால் வைக்காதீர்கள்.

என் சித்தப்பா மகன் அடுத்த மாதம் என்னோடு வருகிறான். முதல் பத்து நாள் ஏறி இறங்குவதும் கயிறு மாற்றி மாட்டுவதும் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்று போட்டு மாட்டத் தெரியும் வரை அவனைப் பத்தடிக்கு மேல் விடமாட்டேன்.