குளிர்காலத்தில் வீட்டுக்குள் துணி உலர்த்த: சூடேறும் ஸ்டாண்டா, டிஹியூமிடிஃபையரா?

துவைத்துப் பிழிந்த ஒரு ஈடு துணியில் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கலாம். அது எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் சூடேறும் ஸ்டாண்டுக்கும், காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் கருவியான டிஹியூமிடிஃபையருக்கும் வேறுபாடு. மின்சாரத்தால் சூடேறும் ஸ்டாண்டு, கம்பியைத் தொடும் மடிப்பை விரைவில் உலர்த்தினாலும், தொங்கும் பகுதியும் தடித்த இடுப்புப்பட்டியும் நெடுநேரம் சில்லென்றே இருக்கும். வெளியேறும் ஆவியோ அறையிலேயே தங்கி, குளிர்ந்த சன்னல் கண்ணாடியில் முத்துமுத்தாகப் படிந்து, நாளடைவில் சுவரில் பூஞ்சை பிடிக்க வழிசெய்கிறது. சன்னலைச் சற்றுத் திறந்தால் ஈரம் வெளியேறும். காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பமும் கூடவே போய்விடும்.

டிஹியூமிடிஃபையர் அந்த ஆவியையே தொட்டியில் நீராகச் சேர்த்துவிடுவதால், கதவு சன்னல்களை மூடிய சிறிய அறையில் சிறப்பாக வேலை செய்கிறது. ஆவி நீராகும்போது வெளிப்படும் வெப்பமும் அறைக்கே திரும்புகிறது. காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிக்கும் கம்ப்ரசர் வகை, குளிர் மிகுந்த அறையில் மந்தமாகிவிடும் என்பதால், அங்கே மின்சாரம் கூடுதலாகச் செலவானாலும் ஈரம் உறிஞ்சும் பொருளைக் கொண்ட டெசிகன்ட் வகையே ஏற்றது. விலையும் இரைச்சலும் டிஹியூமிடிஃபையரின் குறைகள். அவ்வப்போது இரண்டு மூன்று உருப்படிகளை உலர்த்துவோருக்கு ஸ்டாண்டு போதும். வாரம் முழுதும் துவைக்கும் குடும்பத்துக்கு என் தேர்வு டிஹியூமிடிஃபையர்தான். எதை வாங்கினாலும், துணிகளை இயந்திரத்தில் இன்னொரு முறை பிழிந்தெடுத்து, இடையே நாலு விரல் இடைவெளி விட்டு விரிக்க வேண்டும்.