ஜமக்காளத்துக்கு அடியில் 60 ஜிபி

காரைக்குடியில் பழைய கல்யாணப் படங்களை ஸ்கேன் செய்து கொடுப்பது என் தொழில். நாலு வருடமாகக் கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ்தான் (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்). கானாடுகாத்தான் தம்பி ஒருவர், "அண்ணே, நானும் இதையே போட்டுக்கலாமா?" என்று கேட்டார். போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சரி என்றிருப்பேன்.

சிஸ்டம் 120 ஜிபி எஸ்எஸ்டியில், படங்கள் 4 டிபி டிஸ்கில். எந்த டிஸ்கை எந்த ஃபோல்டரில் இணைக்க (மவுண்ட் செய்ய) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்த டிஸ்குக்கு நோஃபெயில், அதாவது கிடைக்காவிட்டாலும் நிற்காமல் போ என்று, போட்டிருக்கிறேன். போடாவிட்டால், டிஸ்க் கிடைக்காத நாளில் 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும்.

சர்வீசுக்குப் போய் வந்ததில் டிஸ்கின் பவர் வயர் தளர்ந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. சிஸ்டம் எப்போதும்போல வந்தது, படங்கள் ஃபோல்டரும் அதே இடத்தில் இருந்தது. அதற்குள் தேதி போட்டு மூன்று நாள் ஸ்கேன் செய்தேன். டிஸ்க் மவுண்டே ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் எஸ்எஸ்டியில் விழுந்துகொண்டிருந்தது. 8க்கு 10 அங்குலப் படத்தை 600 டிபிஐ வண்ணத்தில் எடுத்தால் ஒரு டிஃப் கோப்பே சுமார் 86 எம்பி.

நாலாம் நாள் பழைய படம் ஒன்றைத் தேடப்போய் விஷயம் தெரிந்தது. வயரை அழுத்திவிட்டு மறுபடி போட்டேன். பழையதெல்லாம் வந்தது, மூன்று நாள் வேலையைக் காணோம்! மிச்ச இடம் காட்டும் டிஎஃப் கட்டளை, எஸ்எஸ்டி நிறைந்துவிட்டது என்றது. ஃபோல்டர் அளவுகளைச் சொல்லும் டியு கட்டளையில் கூட்டினால் 60 ஜிபி கணக்கில் வரவில்லை. ஆத்தங்குடிக் கல் தரையில் சாமானை வைத்து, மேலே ஜமக்காளம் விரித்த மாதிரி, புதுப் படங்களின் மேல் டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்தது. அன்மவுண்ட் செய்ததும் எழுநூறு படமும் அப்படியே இருந்தன. உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான், அந்தப் படங்களை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, டிஸ்க் கழற்றியிருக்கும்போதே காலியான அந்த ஃபோல்டருக்கு சட்டர் ப்ளஸ் ஐ (chattr +i, யாரும் எழுத முடியாமல் செய்யும் கட்டளை) போட்டுப் பூட்டினேன். இனி மவுண்ட் ஆகாவிட்டால் ஸ்கேனர் எழுத முடியாமல் கத்தும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால் நாலு வருடத்தில் ஒரு படம்கூடத் தொலைந்ததில்லை. டிஸ்கின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 நிர்வாகிக்கென (ரூட்) ஒதுக்கி வைக்கும் 5 சதவீதத்தை ட்யூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு விடுவித்தபோது 200 ஜிபி சும்மா கிடைத்தது. 8 ஜிபி மெமரியில் வேலை தடங்கியதே இல்லை.

ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம், தம்பி. ஆச்சி வீட்டு ஆல்பங்களைக் கொண்டு வாருங்கள், நானே ஸ்கேன் செய்து தருகிறேன்.