மே மாதத்து மாசசூசெட்ஸ் கடல்: கழிமுகத்தில் ஸ்ட்ரைப்பரா, வெளித்துறைமுகத்தில் மேக்கரலா?

மாசசூசெட்ஸ் கடற்கரையில் தூண்டில் பருவத்தின் தொடக்கம் என்று சொல்லப்படுவது ஏப்ரல் கடைசி வாரத்துக்கும் ஜூன் முதல் வாரத்துக்கும் இடைப்பட்ட காலம். செசபீக் விரிகுடாவின் ஆறுகளிலும் டெலவேர், ஹட்சன் ஆறுகளிலும் பிறந்த ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்கள், உள்ளூரார் பேச்சில் ஸ்ட்ரைப்பர்கள், அப்போதுதான் கரையோரமாக வடக்கே ஏறி வருகின்றன. குளிர்காலத்தை வெளிக்கடலில் கழித்த அட்லாண்டிக் மேக்கரல் கூட்டங்கள் கரையை நெருங்குவதும் ஏறத்தாழ அதே வாரங்களில்தான். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே ஓய்வு கிடைப்பவர் எனவே மூன்று வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது: கழிமுகங்களில் செயற்கை இரை வீசிச் சிறிய ஸ்ட்ரைப்பர்களைத் தேடுவது, படகில் வெளித்துறைமுகம் சென்று மேக்கரல் பிடிப்பது, அல்லது பிடித்த மேக்கரலை உயிரோடு முள்ளில் கோத்துப் பெரிய ஸ்ட்ரைப்பருக்கு இரையாக விடுவது. மூன்றாவதுதான் உயர்ந்தது என்ற எண்ணம் படகு வைத்திருப்போரிடையே நெடுங்காலமாக உண்டு. 2023ஆம் ஆண்டுக்குப் பின் அந்த எண்ணத்தின் அடிப்படை பெரிதும் தேய்ந்துவிட்டது என்பதே என் கணிப்பு.

காரணம் அளவு விதிதான். 2020இலிருந்து மாசசூசெட்ஸில் ஒருவர் நாளொன்றுக்கு 28 அங்குலத்துக்குக் குறையாத, 35 அங்குலத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு ஸ்ட்ரைப்பரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2023 மே மாதத்தில் அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் அவசர நடவடிக்கையாக அந்த மேல்வரம்பை 31 அங்குலமாகக் குறைத்தது. 2024 தொடக்கத்தில் அதுவே நிலையான விதியாக உறுதி செய்யப்பட்டது. செசபீக் பகுதியில் 2019 முதல் குஞ்சு மீன்களின் எண்ணிக்கை தொடர்ந்து மிகக் குறைவாக இருந்துவருவதால், முட்டையிடும் பெரிய பெண் மீன்களைக் காப்பாற்ற வேண்டியது கட்டாயமாகிவிட்டது. விளைவாக, வீட்டுக்குக் கொண்டுபோகத்தக்க மீன் மூன்று அங்குல இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. உயிருள்ள மேக்கரலை இரையாக்கும் முறையின் பெருமையே, அது சிறு மீன்களை ஒதுக்கிப் பெரிய மீன்களை மட்டும் கொண்டுவரும் என்பதுதான். அந்தப் பெரிய மீன்களுள் பெரும்பாலானவற்றை இப்போது கடலுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சட்டியில் மீன் வேண்டும் என்பவருக்கு, முன்பு அந்த முறையின் பலமாக இருந்ததே இப்போது குறையாகிவிட்டது.

முதல் வழியான கழிமுகத் தூண்டிலை நான் சற்று விரிவாகவே பார்க்க விரும்புகிறேன், ஏனெனில் பருவத்தின் முதல் பாதியில் மற்ற இரண்டையும்விட அதுவே நம்பகமானது. நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஸ்ட்ரைப்பர்கள் சுறுசுறுப்பாக இரை தேடத் தொடங்குகின்றன. திறந்த கடல் அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே, ஆழமற்ற நீரும் கரிய சேற்றுப்படுகையும் உள்ள உப்பங்கழிகள் அதை எட்டிவிடும். அதனால்தான் கேப் காட் தீபகற்பத்துக்குத் தென்மேற்கே பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவின் உட்பகுதிகளில் ஏப்ரல் கடைசியிலேயே புதிய மீன்கள் காணப்படுகின்றன. பாஸ்டன் துறைமுகத்துக்கு மே முதல் இரு வாரங்களிலும், வடக்கே மெரிமாக் ஆற்று முகத்துவாரத்துக்கும் பிளம் தீவின் பின்புறச் சதுப்புகளுக்கும் மே நடுவிலும் அவை வந்து சேர்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை இரண்டடிக்கு உட்பட்டவை. புதிதாகக் கடலிலிருந்து வந்த மீன்தானா, அல்லது கனெக்டிகட்டின் தேம்ஸ் ஆற்றில் நடப்பதுபோல் ஆற்றுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்த மீனா என்று அறிய அதன் வயிற்றின் பின்பகுதியைப் பார்த்தால் போதும்: வெளிர்பழுப்பு நிறத்தில் அரிசிமணி அளவுக்கும் சிறியதாகக் கடல் பேன்கள் ஒட்டியிருந்தால் அது உப்புநீரில் நெடுந்தூரம் நீந்தி வந்த மீன்.

கோடைக்காலத்தில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவது நேரத்தைத் தேர்வதில்தான். ஜூலையில் விடியற்காலை சிறந்தது. மே தொடக்கத்தில் விடியற்காலை பெரும்பாலும் வீண். பாஸ்டனுக்கு வடக்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 9 அடி வேறுபாடு இருப்பதால், வற்றத்தின்போது பரந்த சேற்றுத்தரைகள் வெயிலில் கிடந்து சூடேறுகின்றன. பிறகு ஏறிவரும் நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது; மீண்டும் இறங்கும்போது, வெதுவெதுப்பான அந்த நீர் சிறு மீன்களையும் இறால்களையும் இழுத்துக்கொண்டு ஓடைகளின் வாய் வழியாக வெளியேறுகிறது. ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இறங்கு ஓதம் தொடங்கும் நாள்தான் நல்ல நாள். ஓடை பெரிய வாய்க்காலோடு சேரும் இடத்தில், வேகமான நீரும் மந்தமான நீரும் உரசிக்கொள்ளும் கோட்டில் இரையை விட்டால், மீன் மந்தமான பக்கத்திலிருந்து பாய்ந்து கவ்வும். இந்த ஒரு விவரத்தைக் கடைப்பிடிப்பவர் விலையுயர்ந்த கருவிகள் எவையும் இல்லாமலேயே மீன் பிடித்துவிடுவார்.

கருவியும் எளிமையானதுதான். ஏழடி நீளமுள்ள இலேசான கோல், 10 முதல் 15 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, கால் அவுன்ஸ் முதல் அரை அவுன்ஸ் எடையுள்ள ஈயத்தலை முள், அதில் நான்கைந்து அங்குல நீளமான மென் பிளாஸ்டிக் புழு. மும்முனை முள்கள் பொருத்திய, மரத்தாலான போலி மீன்களை இந்த வாரங்களில் தவிர்ப்பதே நலம். சிறு ஸ்ட்ரைப்பர்கள் ஆவேசமாகப் பாய்வதால் முள்கள் கண்ணிலும் செவுளிலும் ஏறி, விடுவிப்பது வேதனையான வேலையாகிவிடும். ஒற்றை முள்ளில், கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால், தண்ணீரைவிட்டு மீனைத் தூக்காமலேயே கழற்றிவிடலாம்.

இரண்டாம் வழி மேக்கரல். நம் ஊர்க் கானாங்கெளுத்தியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதால், பாஸ்டன் வட்டாரத் தமிழர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சுவையில் அதைவிடக் கொழுப்பு மிகுந்தது, புளிக்குழம்புக்கு மிகவும் ஏற்றது. ஸ்ட்ரைப்பரைவிடக் குளிர்ந்த நீரை இது தாங்கும். 7 அல்லது 8 டிகிரி இருந்தாலே கரைக்கு அருகே வந்துவிடும். பாஸ்டன் வெளித்துறைமுகத்தில் கிரேவ்ஸ் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிய நீர்ப்பரப்பும், நஹாண்ட்டுக்கு வெளியே உள்ள ஆழமான பகுதியும் மே மாதத்தில் படகுகள் கூடும் இடங்கள். கூட்டமாகத் திரியும் மீன் என்பதால் ஒன்றுமில்லாத நாளும் உண்டு. கூட்டத்தின்மேல் படகு நின்றுவிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் நாளும் உண்டு. கழிமுகத்தில் கிடைப்பதுபோன்ற சீரான பலனை இதில் எதிர்பார்க்க முடியாது.

மேக்கரலுக்குள்ளேயே ஒரு சிறு ஒப்பீடு தேவைப்படுகிறது. ஜப்பானிலிருந்து வந்த சபிகி என்பது மெல்லிய நரம்பில் ஆறு நுண்முள்களைக் கொண்டது. ஒவ்வொரு முள்ளிலும் மீன்தோல் துண்டும் மினுங்கும் இழையும் கட்டப்பட்டிருக்கும். மேக்கரல் மரம் என்று இங்கு வழங்குவதில் தடித்த நரம்பில் மூன்று நான்கு பெரிய முள்கள் வண்ண ரப்பர்க் குழாய்களுக்குள் இருக்கும். இரண்டுக்குமே அடியில் பளபளக்கும் உலோகத் தூண்டில் ஒன்று எடையாகத் தொங்கும். மீன் மந்தமாக இருக்கும்போது சபிகி வெல்லும். ஆனால் நான்கு மேக்கரல்கள் ஒரே நேரத்தில் நான்கு திசைகளில் இழுக்கும்போது அந்த மெல்லிய நரம்பு முறுக்கிக்கொண்டு, இரண்டு முறைக்குள் குப்பைக்குத்தான் போகும். மீன் தாராளமாக இருக்கும் நாளில் மரமே சிக்கனம். எதைப் போட்டாலும், முதல் மீன் மாட்டியவுடன் சுற்றி எடுக்காமல் ஓரிரு நொடி அப்படியே பிடித்திருந்தால், அதன் துடிப்பைக் கண்டு மற்றவையும் வந்து மீதி முள்களை நிரப்பும். பூனை உணவு டப்பாவையும் ஓட்ஸையும் கடல்நீரில் குழைத்துக் கரண்டி கரண்டியாகத் தூவினால் கூட்டம் படகை விட்டு விலகாது. மணம்தான் அன்று முழுவதும் கையை விட்டுப் போகாது.

இங்கும் வரம்பு உண்டு. அட்லாண்டிக் மேக்கரல் வளம் சரிந்ததால் கனடா 2022இல் தன் அட்லாண்டிக் கரையில் வணிக மேக்கரல் பிடிப்பையே மூடியது. அமெரிக்காவில் 2023 முதல் பொழுதுபோக்குத் தூண்டிலருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 20 மீன் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. உயிர்த்தொட்டியில் இரைக்காக வைத்திருக்கும் மீன்களும் அந்த இருபதில் சேர்ந்தவை. இருந்தாலும், ஒரு குடும்பத்துக்கு இருபது மேக்கரல் தாராளம். அதைக் கெடாமல் வீடு சேர்ப்பதுதான் கவனிக்க வேண்டியது: சூட்டில் கிடந்த மேக்கரலில் ஹிஸ்டமின் உண்டாகும், அது சமைத்தாலும் போகாது, உண்டவருக்கு முகம் சிவந்து தலைவலி வரும். பிடித்ததும் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, கடல்நீரும் பனிக்கட்டியும் கலந்த பெட்டிக்குள் முழுக அமிழ்த்தி வைப்பதே முறை.

மூன்றாவது வழி, உயிருள்ள மேக்கரலை ஸ்ட்ரைப்பருக்கு விடுவது. இதன் ஆற்றலை மறுக்க இயலாது. ஆறுகளில் ஏறிவரும் ஆற்று ஹெர்ரிங்தான் வசந்தத்தில் ஸ்ட்ரைப்பரின் இயல்பான இரை; ஆனால் அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் மாசசூசெட்ஸில் 2006 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், பெரிய உயிர் இரை என்று மே மாதத்தில் சட்டப்படி எளிதில் கிடைப்பது மேக்கரல் மட்டுமே. மூக்குத் துளைக்கு முன்னால் மேல்தாடையில் முள்ளை ஏற்றி, பாறைத் தீவுகளின் ஓரமாக எடையின்றி நீந்தவிட்டால், பெரிய மீன் துரத்தும்போது மேக்கரல் நீர்ப்பரப்பில் துள்ளி ஓடுவதையும், அதன் பின்னே அகன்ற வால் ஒன்று நீரை அறைவதையும் கண்ணால் காணலாம். அந்தக் காட்சிக்காகவே பலர் இதைச் செய்கிறார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

சிரமம் அதற்கு முந்திய வேலையில் இருக்கிறது. மேக்கரலுக்குக் காற்றுப்பை இல்லை. வாயைத் திறந்தபடி ஓயாமல் நீந்தினால்தான் செவுள் வழியே நீர் ஓடி அது மூச்சு விட முடியும். சதுரத் தொட்டியில் விட்டால் மூலைகளில் முட்டி மூக்கு உடைந்து விரைவில் செத்துவிடும். வட்டத் தொட்டியும் இடைவிடாமல் புதுநீர் பாய்ச்சும் பம்பும் வேண்டும். கையால் தொட்டால் மேல்பூச்சு உரிந்துவிடும் என்பதால் கழற்றுக்கோலால் முள்ளிலிருந்து நேராகத் தொட்டிக்குள் உதற வேண்டும். காலையில் மேக்கரல் கிடைக்காவிட்டால் அன்றைய திட்டம் முழுவதும் அங்கேயே நின்றுவிடும். படகு, எரிபொருள், தொட்டி, இரண்டு வகைக் கோல்கள் என்று செலவையும் சேர்த்துப் பார்த்தால், கழிமுகத்தில் முழங்கால் நீரில் நிற்பவரின் செலவுக்கு இது பல மடங்கு.

திருப்பி விடும் மீனின் உயிரும் கணக்கில் சேர வேண்டியது. விடப்படும் ஸ்ட்ரைப்பர்களில் 9 விழுக்காடு பின்னர் இறந்துவிடுவதாக ஆணையத்தின் மதிப்பீடுகள் எடுத்துக்கொள்கின்றன. இயற்கை இரை வைத்து ஸ்ட்ரைப்பர் பிடிப்பவர்கள் வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2021 முதல் அட்லாண்டிக் கரை முழுவதும் விதி. மாசசூசெட்ஸ் அதற்கு ஓராண்டு முன்னதாகவே தொடங்கிவிட்டது. மீன் இரையை விழுங்கித் திரும்பும்போது வட்ட முள் தொண்டையில் ஏறாமல் வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் பதியும்; வெட்டி இழுக்கும் பழக்கமுள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, நரம்பு தானாக இறுகும்வரை காத்திருக்க வேண்டும். மே மாதத்துக் குளிர்நீரில் விடுபட்ட மீன் கோடையைவிட நன்றாகப் பிழைக்கும் என்பது உண்மைதான். ஆயினும் 20 பவுண்டு மீனைப் படகுக்கு மேலே தூக்கிப் படமெடுப்பதை அது நியாயப்படுத்தாது.

இந்த மூன்றுக்கும் வெளியே கேப் காட் கால்வாயை ஒரு தனி வழியாகச் சிலர் சொல்வார்கள். படகிலிருந்து தூண்டில் போட அங்கே அனுமதி இல்லை. கரைப்பாறைகளிலிருந்து பலமான நீரோட்டத்துக்குள் கனமான இரையை வீச வேண்டும். மேக்கரல் கூட்டம் கால்வாய்க்குள் புகும் மே மாதக் காலைகளில் பெரிய ஸ்ட்ரைப்பர்கள் கரையிலிருந்தே கிடைக்கும். படகில்லாதவருக்கு மூன்றாவது வழியின் பலனைத் தரக்கூடிய இடம் அது. நெரிசலும் அதற்கேற்ற அளவில் இருக்கும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை மூன்றும் சமமல்ல. வெளியே வெயில் அடித்தாலும் நீர் 10 டிகிரிதான். அதில் விழுந்தவரின் கைகால்கள் சில நிமிடங்களில் செயலற்றுப்போகும். கயாக் ஓட்டுவோர் மே 15 வரை உயிர்க்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்வது இதனால்தான். மே 16ஆம் தேதி நீர் திடீரென்று சூடாகிவிடுவதில்லை என்பதால் ஜூன் நடுப்பகுதிவரை அணிவதே அறிவு. 16 வயது நிறைந்தவர்களுக்குப் பொதுவாகக் கடல் தூண்டில் அனுமதிச்சீட்டு தேவை.

ஆகவே, படகில்லாதவரும் முதல் ஆண்டுக்காரரும் மே முதல் மூன்று வாரங்களைத் தயங்காமல் கழிமுகத்துக்கே கொடுக்கலாம். சட்டிக்கு மீன் அன்று கிடைக்காது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு மீன் கொண்டுபோவதே நோக்கமென்றால், நண்பர் ஒருவரின் படகில் இடம்பிடித்து மேக்கரலுக்குப் போவதுதான் சரி. ஒரு ஸ்ட்ரைப்பருக்காக மூன்று அங்குல இடைவெளியைத் தேடி அலைவதைவிட அது நேரடியான வழி. உயிர் இரையை மே கடைசி வாரத்துக்கு முன் முயல்வதில் பயன் குறைவு, பெரிய மீன்கள் பாஸ்டன் பக்கம் எண்ணிக்கையில் வந்து சேர்வது அதற்குப் பிறகே. ஜூன் நகர நகர மேக்கரல் கூட்டங்கள் கரையோரத்தில் மெலிந்து குளிர்ந்த ஆழத்துக்கு விலகும். மென்ஹேடன் என்னும் இரைமீன் கூட்டங்கள் துறைமுகங்களுக்குள் நுழையும் ஆண்டுகளில், உயிர் இரைக்காரர்கள் வெளித்துறைமுகம் செல்வதை விட்டு வீச்சுவலையோடு உள்ளேயே நின்றுவிடுவார்கள்.