ஹெல்த் ஸ்கோர் டேஷ்போர்டு: பல வருஷம் வைத்துப் பார்த்தவனின் புலம்பல்

ப்ராஜெக்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று கலரில் காட்டும் இந்த டேஷ்போர்டின் சந்தாவைக் குறைத்திருக்கிறார்களாம், "இப்போ எடுக்கலாமா, நீங்கதான் ரொம்ப நாளா வெச்சிருக்கீங்களே" என்று நண்பர் கேட்டார். பச்சை, மஞ்சள், சிவப்பு, கிராஃப், அலெர்ட் எல்லாம் மற்றவற்றில் இருப்பதுபோல இதிலும் உண்டு. ஸ்பீடு நன்றாகவே இருக்கிறது. அதுவல்ல என் பிரச்சினை.

ஸ்கோப், டீம், பட்ஜெட், ஷெட்யூல் போன்ற ஐந்து தலைப்புக்கும் மார்க் போட்டு சராசரி எடுத்து ஒரே கலரைக் காட்டுகிறதே, அதுதான். ஒரு ப்ராஜெக்டில் ஸ்கோப்புக்கு, அதாவது என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்ற பட்டியலுக்கு, கையெழுத்தே ஆகவில்லை. டீமுக்குப் பாதி ஆள் வரவில்லை. ஆள் இல்லாததால் சம்பளச் செலவு இல்லை, செலவு இல்லாததால் பட்ஜெட் பளிச்சென்று பச்சை! அந்தப் பச்சை மற்றதையெல்லாம் தூக்கிவிட்டு, மொத்த ஸ்கோரும் பச்சை.

ஷெட்யூல் இண்டெக்ஸ் அதைவிட மோசம். முடித்த வேலையின் மதிப்பை, இதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பால் வகுப்பது. 12 மாத ப்ராஜெக்ட், கெடு முடியும்போது 100-க்கு 80 முடிந்திருந்தால் 0.80. சரி. ஆனால் அதற்கப்புறம் கீழே இருக்கும் 100 நகராது, மேலே இருப்பது மட்டும் ஏறும். 18-வது மாதம் தட்டுத்தடுமாறி முடிக்கும் நாளில் 1.00 காட்டும். நாள் தள்ளத் தள்ள மார்க் கூடுகிறது. இதைச் சரிசெய்ய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் நிபுணர் வால்ட் லிப்கே, தாமதத்தை வேலையின் மதிப்பில் இல்லாமல் காலத்தில் அளக்கும் 'ஏர்ண்ட் ஷெட்யூல்' முறையை 2003-லேயே எழுதிவிட்டார். சப்போர்ட்டில் கேட்டால் "ரோட்மேப்பில் இருக்கு சார்". இருக்கட்டும்.

நியாயமாகச் சொன்னால் பழி முழுவதும் டூல் மேல் இல்லை. தலைப்புகளுக்கான கலரைப் போடுவது ப்ராஜெக்ட் மேனேஜர். சிவப்பு போட்டால் மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கப்படுவதும் அவர்தான். எவர் போடுவார்? அரசு ஐடி திட்டங்களின் நிலையைக் காட்டும் அமெரிக்க அரசின் ஐடி டேஷ்போர்டிலேயே இந்தக் கதை உண்டு. துறைகளின் தலைமைத் தகவல் அதிகாரிகள் தங்கள் திட்டங்களுக்குத் தாங்களே ரேட்டிங் போட்டார்கள். 2016-இல் தணிக்கை அமைப்பான ஜிஏஓ அப்படிப்பட்ட 95 ஐடி திட்டங்களைத் தானே மதிப்பிட்டுப் பார்த்தது. 60-இல் ரிஸ்க் அவர்கள் சொன்னதைவிட அதிகம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மூலையில் 'தேதி வரலாறு' என்று ஒரு டேப். டெமோவில் அதைக் காட்டவே இல்லை, அவர்களுக்கே அதன் அருமை தெரியாது போல. ஒவ்வொரு மைல்ஸ்டோனுக்கும் (வேலையின் முக்கியக் கட்டத்துக்கும்) பழைய தேதிகள் குறுக்குக் கோடு போட்டு அப்படியே நிற்கும், யாராலும் அழிக்க முடியாது. யூஸர் டெஸ்டிங்: மார்ச் 15, ஏப்ரல் 30, ஜூன் 20. பக்கத்தில் காரணம்: "இன்டர்ஃபேஸ் டீமிடமிருந்து பதில் இல்லை". மூன்று முறையும் அதே வரி, காப்பி பேஸ்ட். கமிட்டி மீட்டிங்கில் இதை ஸ்கிரீனில் போட்டேன். கலரைப் பற்றி யாரும் பேசவில்லை, அந்த டீமின் மேனேஜரை உடனே லைனில் கூப்பிட்டார்கள்.

இந்த ஒரு டேபுக்காகச் சந்தா கட்டுவது அநியாயம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில், தேதியை அழிக்காமல் பக்கத்துக் கட்டத்தில் எழுதும் ஒழுக்கம் இருந்தால் போதும். அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள், பாதி விலைக்குக் கொடுத்தாலும்.

நான் போன வாரம்தான் ரெனியூ செய்தேன். அந்த வரலாற்றை எக்ஸ்போர்ட் செய்ய வழி வைக்கவில்லை, பாவிகள்.