பிராட்பேண்ட் பிளாட்ஃபார்ம்: கணினியில் நிலநடுக்கம் வரவழைத்த ஆறு வருடம்

2019 ஜூலை 5 இரவு கலிஃபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்டில் 7.1 அளவு நிலநடுக்கம் வந்தபோது நான் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தேன். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளித்தான் நடந்தது. ஆனாலும் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளம் தளும்பித் தளும்பி, அடங்க வெகுநேரம் பிடித்தது. “ஏன் சார் இவ்வளவு நேரம்?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கட்டடப் பொறியாளன் நான், மழுப்பினேன். அந்த மாதமே, கலிஃபோர்னியாவின் நிலநடுக்க ஆய்வு மையமான எஸ்.சி.இ.சி. இலவசமாகத் தரும் பிராட்பேண்ட் பிளாட்ஃபார்ம் என்ற மென்பொருளை நிறுவினேன். நிலநடுக்கத்தைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது அதன் வேலை.

பூமிப் பாறையின் எந்தப் பிளவு, எவ்வளவு நீளம், எந்தச் சாய்வு, முறிவு எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோப்பில் எழுத வேண்டும். இன்னொன்றில் இடங்களையும், அங்கே மேல் 30 மீட்டர் மண்ணில் குறுக்கலை (தரையைப் பக்கவாட்டில் அசைக்கும் அலை) போகும் சராசரி வேகத்தையும். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் தரை எப்படி ஆடும் என்று மூன்று திசைக்கும் கணக்கிட்டுத் தந்துவிடும்.

முதல் மாதம் முழுக்கச் சொதப்பல், எல்லாம் என் கைங்கரியம். இடக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வர வேண்டும். நான் அட்சரேகையை முதலில் போட்டேன். லாஸ் ஏஞ்சலிஸ் தென் துருவத்தையும் தாண்டிப் போய்விட்டது. முடுக்கம் சென்டிமீட்டர் கணக்கில் வருகிறது, நான் மீட்டர் என்று நினைத்துக் கட்டட மாதிரியில் ஏற்றினேன். நூறு மடங்கு. பத்து மாடியும் புயலில் சிக்கிய தென்னை மாதிரி ஆடியது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘சீடு’ என்கிற ஒரே ஒரு எண். மற்ற எதையும் தொடாமல் அதை மட்டும் மாற்றினால், பிளவின் எந்தப் பகுதி எவ்வளவு வழுக்குகிறது என்பது மாறிவிடும். அதே அளவு, அதே பிளவு, ஆனால் ஒரே தெருமுனையில் குலுக்கல் வேறு. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தை (6.7) ஐம்பது சீடுகளில் ஓட்டி, உண்மையான பதிவுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தனியாக ஒன்றை எடுத்தால் சில இடங்களில் பதிவிலிருந்து நன்றாகவே விலகும். ஐம்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது பரவாயில்லை. அன்று முதல் ஒரே ஓட்டத்தை நம்பி யாருக்கும் அறிக்கை தருவதில்லை. “இதில் எது சார் நிஜமா வரும்?” என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. இதில் எதுவும் அப்படியே வராது, எல்லாவற்றையும் தாங்குகிற மாதிரி கட்டுவோம் என்பேன். முகம் சுருங்கும்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. பூமியை அடுக்கடுக்கான கேக் மாதிரி ஒரே சீராக எடுத்துக்கொள்கிறது. லாஸ் ஏஞ்சலிஸோ பல கிலோமீட்டர் ஆழ வண்டல் நிரம்பிய குழியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே புகுந்த அலை சுற்றிச்சுற்றி வரும், சீக்கிரம் அடங்காது. 2008-இல் ஷேக்அவுட் என்ற நிலநடுக்கப் பாதுகாப்பு ஒத்திகைக்காக சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் 7.8 அளவு நிலநடுக்கத்தைக் கணக்கிட்டபோது முப்பரிமாண மாதிரிக்குப் போனது இதனால்தான். முறிவு தென்கிழக்கில் தொடங்கி வடமேற்காக ஓடினால் அலைகள் அந்தக் குழிக்குள் வழிந்து வருகின்றன. எதிர்த்திசையில் ஓடினால் நகரத்தில் ஆட்டம் வெகுவாகக் குறைகிறது. இதற்கெல்லாம் பெரிய கணினி வேண்டும், என் மேசைக் கணினிக்குக் கட்டுப்படியாகாது.

ஆக, பக்கத்து வீட்டுக்காரரின் குளத்துக் கேள்விக்காக நிறுவிய மென்பொருள், அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லாது. அவரிடம் ஒரு கிண்ணம் ஜெல்லியைத் தட்டிக் காட்டினேன். போதுமென்றார்.