காபூலை விட்டுப் போன இரண்டு படைகள்

1989 பிப்ரவரி 15, சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறிய கடைசி நாள். எல்லை ஆறான ஆமு தரியாவின் பாலத்தை நடந்தே கடந்தார் சோவியத் தளபதி போரிஸ் கிரோமோவ். அக்கரையில் மகன் பூங்கொத்தோடு வரவேற்றான். 2021-இல் அமெரிக்கர்கள் போன விதம் வேறு. ஜூலைத் தொடக்கத்தில் பக்ராம் விமானதளத்தில் இரவோடு இரவாக மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். ஆப்கன் ராணுவம் விஷயம் தெரிந்து வருவதற்குள் கொள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

கிளம்பிய அழகை மட்டும் பார்த்தால் மாஸ்கோவுக்கே மதிப்பெண். ஆனால் விட்டுப்போன அரசு எத்தனை நாள் நின்றது என்பதைத் தீர்மானித்தது அந்த அழகு இல்லை, பின்னால் வந்துகொண்டிருந்த சரக்குதான். சோவியத் ஆதரவு அதிபர் நஜிபுல்லாவுக்கு மாஸ்கோவிலிருந்து எரிபொருள், கோதுமை, ஸ்கட் ஏவுகணை எல்லாம் தொடர்ந்து வந்தன. 1989 மார்ச்சில் அவரை எதிர்த்த முஜாஹிதீன் போராளிகள் ஜலாலாபாத் நகரை முற்றுகையிட்டு, மாதக்கணக்கில் மோதியும் நகரம் விழவில்லை. 1992 பிறந்ததும் உதவி நின்றது. நஜிபுல்லாவின் தளபதி தோஸ்தம் கட்சி மாறினார். ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்தது. 2021-இல் அமெரிக்கா விட்டுப்போன அதிபர் அஷ்ரஃப் கனியின் அரசுக்கோ பணத்துக்குப் பஞ்சமில்லை. விமானங்களைப் பழுதுபார்த்துவந்த வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் படையோடு சேர்ந்தே போய்விட்டதுதான் வினை. கடைசி அமெரிக்க வீரர் கிளம்பியது ஆகஸ்ட் 30. காபூல் அதற்கு முன்பே, 15-ஆம் தேதியே விழுந்துவிட்டது.

சரி, அக்கம்பக்கத்தாருக்கு என்ன ஆனது?

1989-க்குப் பிறகு ஆளுக்கொரு குழுவைப் பிடித்துக்கொண்டார்கள். பாகிஸ்தான் முதலில் முஜாஹிதீன் தலைவர் ஹெக்மத்யாரையும் பிறகு தாலிபானையும் வளர்த்தது. ஈரானும் ரஷ்யாவும் இந்தியாவும் தாலிபானை எதிர்த்த வடக்குக் கூட்டணி பக்கம். 2021-க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் அப்படி எதிர்க்குழு தேடவில்லை, நேரே தாலிபானோடு கடை விரித்தார்கள். சீன அதிபர் 2024 ஜனவரியில் அவர்களுடைய தூதரின் நியமனப் பத்திரத்தை ஏற்றார். 2025 ஜூலையில் ரஷ்யா முறைப்படி அங்கீகரித்தது, முதல் நாடாக! ஆமு தரியாவிலிருந்து தாலிபான் வெட்டும் 285 கிலோமீட்டர் கோஷ் தெப்பா கால்வாயால் தன் பருத்தி வயல்களுக்குத் தண்ணீர் குறையுமே என்று உஸ்பெகிஸ்தானுக்குக் கவலை. ஆனாலும் வியாபாரத்தை விடவில்லை.

இரண்டு முறையும் கையைச் சுட்டுக்கொண்டது பாகிஸ்தான்தான் என்பேன். சோவியத் போனதும் பாகிஸ்தானின் தயவு அமெரிக்காவுக்குத் தேவைப்படவில்லை. 1990-இல் அணுகுண்டு விவகாரத்தைக் காட்டி உதவியை நிறுத்திவிட்டது. 2021 செப்டம்பரில் பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐஎஸ்ஐ-யின் அன்றைய தலைவர் ஃபைஸ் ஹமீது காபூல் ஹோட்டல் ஒன்றில் தேநீர்க் கோப்பையோடு நின்று, எல்லாம் சரியாகிவிடும் என்று நிருபர்களிடம் சொன்ன காட்சி நினைவிருக்கலாம். சரியாகவில்லை. பாகிஸ்தான் அரசை எதிர்க்கும் 'பாகிஸ்தான் தாலிபான்' என்ற தனி அமைப்பின் தாக்குதல்கள் கூடின. 2023-இல் ஆப்கன் அகதிகளை லட்சக்கணக்கில் விரட்டினார்கள். 2025 அக்டோபரில் எல்லையில் நேரடிச் சண்டையே மூண்டது.

அந்தச் சண்டை மூண்ட வாரம் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாக்கி இருந்தது டெல்லியில். 1999-இல் கடத்தப்பட்ட நம் விமானம் காந்தஹாரில் நின்றபோது அதைச் சுற்றி நின்றவர்கள் இதே தாலிபான்கள். இப்போது காபூலில் மறுபடி முழுத் தூதரகம் என்று அறிவித்தது இந்தியா. கணக்கு புரிகிறது, பாகிஸ்தானோடு முறைத்துக்கொண்டவரை விடுவானேன்? ஆனால் முத்தாக்கியின் முதல் செய்தியாளர் சந்திப்பில் பெண் நிருபர்களுக்கு இடமில்லை. எங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்றது நம் வெளியுறவு அமைச்சகம். கண்டனம் கிளம்பிய பிறகுதான் இரண்டாவது சந்திப்பு வைத்து அவர்களையும் கூப்பிட்டார்கள்.