ஜே02.0 உடன் பத்து வருடங்களுக்கு மேல்: தொண்டை நோவுக்கு மருத்துவக் கோட் போட்ட அனுபவம்

அமெரிக்கக் கிளினிக்குகளின் நோயாளர் குறிப்புகளைப் படித்து, பில்லுக்குக் கோட், அதாவது ஒவ்வொரு நோய்க்கும் பரிசோதனைக்கும் உரிய குறியீட்டு எண், போடுவது என் வேலை. 2014இல் சேர்ந்தேன். பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் விடியும்வரை வேலை. அமெரிக்காவில் குளிர்காலம் வந்துவிட்டால் குழந்தைகள் கிளினிக் கோப்புகளில் பாதி தொண்டை நோதான்.

நான் சேர்ந்தபோது ஐசிடி-9 என்ற நோய்க் கோட் பட்டியல் இருந்தது. ஸ்ட்ரெப் கிருமியால் வந்த தொண்டை நோ என்றால் 034.0. தொண்டையா டொன்சிலா என்று பார்க்கவே தேவையில்லை, இரண்டும் அதற்குள் அடங்கும். 2015 அக்டோபர் 1இல் அதற்குப் பதிலாக ஐசிடி-10-சிஎம் வந்ததும் அது பிரிந்தது. தொண்டை அழற்சிக்கு ஜே02.0. டொன்சில் அழற்சிக்கு ஜே03.00, அடிக்கடி திரும்பி வருகிறதென்றால் ஜே03.01. அதே கிருமியால் உடம்பில் சிவப்பாகத் தடிக்கும் ஸ்கார்லட் காய்ச்சல் என்று டொக்டர் எழுதியிருந்தால் ஏ38 பக்கம் போக வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது இந்தப் பிரிவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கே நோய் என்று கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. குறிப்பில் 87880, அதாவது உடனடி ஸ்ட்ரெப் பரிசோதனை, இருப்பதைக் கண்டதும் ஜே02.0 போட்டுவிடுவார்கள். பரிசோதனை செய்தால் நோய் இருக்கிறது என்று ஆகிவிடாது. வெளிநோயாளர் கோடிங்கில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதியதை உறுதியான நோயாக எடுக்கவும் கூடாது. ஸ்ட்ரெப் உறுதியாகவில்லை, தொண்டை அழற்சி மட்டும் என்றால் ஜே02.9. வெறும் வலி என்றால் ஆர்07.0. மறுபக்கமும் உண்டு: முடிவு பொசிட்டிவ் என்றாலும் டொக்டர் நோயின் பெயரை எழுதாதவரை நாங்களாகப் போட முடியாது.

என் இரண்டாவது குளிர்காலத்தில் நானே அந்தப் பிழையை விட்டேன். பரிசோதனை நெகட்டிவ், நான் போட்டது ஜே02.0. காப்புறுதிக்குப் போன கிளெய்மும் சிக்கலில்லாமல் பாஸாகிவிட்டது. கோப்புகளைச் சரிபார்க்கும் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். “தங்கச்சி, காசு வந்திட்டுது எண்டு விட்டிடாதேயும். அந்தப் பிள்ளையின்ர பேரில இல்லாத வருத்தம் ஒண்டு ஏறியிருக்கு” என்றார்.

அவர் சொன்னதன் கனம் பிறகுதான் புரிந்தது. டொன்சிலை வெட்டி எடுப்பதா என்று தீர்மானிக்கும்போது தொண்டை நோ எத்தனை தடவை வந்தது என்று டொக்டர்கள் பார்ப்பார்கள்: கடந்த ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது 2 வருடங்கள் வருடத்துக்கு 5, அல்லது 3 வருடங்கள் வருடத்துக்கு 3. முந்தைய பதிவுகள் அந்தக் கணக்கில் வரும். நான் போட்ட பொய்யான ஒன்றும் அதில் சேர்ந்திருக்கலாம்.

உண்மையான ஸ்ட்ரெப்பைத் தவறவிடுவதும் எனக்குப் பயம்தான், கவனிக்காமல் விட்டால் அது வாதக்காய்ச்சலில் முடியலாம். என் சின்னம்மா சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து, இதய வால்வு பழுதாகி, வருடக்கணக்காக மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டவர். தொண்டை நோவில் தொடங்கியது என்று அம்மம்மா சொல்வார். அதனால்தான் இந்த ஒரு கோட்டில் நான் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஸ்ட்ரெப்’ என்று தட்டினால் ஜே02.0ஐ முதலில் காட்டும், அதை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் வருகிற மாற்றங்களைத் தானாகவே ஏற்றிவிடுகிறது, அது பெரிய உதவி. எளிய பரிசோதனைகளுக்கு மட்டும் அனுமதி உள்ள கிளினிக் என்றால் 87880க்குப் பின்னால் அதைக் காட்டும் கியூடபிள்யூ என்ற எழுத்துகளைச் சேர்க்கச் சொல்லி எச்சரிக்கும். முன்பு அது விடுபட்டுத் திரும்பி வந்த மெடிகேர் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதி) கிளெய்ம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்தார்களா, மரபணு முறையில் 87651 செய்தார்களா என்பதை மட்டும் நாமேதான் கோப்பில் தேடிப் பார்க்க வேண்டும்.

இப்போது என் பழக்கம் இதுதான். முதலில் பரிசோதனை முடிவு, அப்புறம் டொக்டரின் தீர்மானம், கடைசியில்தான் கோட். முதல் இரண்டும் ஒத்துவராவிட்டால் டொக்டருக்குக் கேள்வி அனுப்புவேன். குளிர்காலத்தில் கொழும்பில் இரவு 9 மணி என்றால் நியூயோர்க்கில் காலை 10.30. பெரும்பாலும் அன்றிரவே பதில் வந்துவிடும்.